பழைய விதிகளா, புதிய விதிகளா? ஓகரிடம் கேட்டுப் பாருங்கள்

கேள்வி இது: "நாங்கள் ஐந்து பேர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், அதாவது 2014 புத்தகங்களை வைத்து, ஒரு நீண்ட கதையை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், நான்தான். இரண்டு பேர் 2024 புத்தகத்துக்கு மாறியே ஆகவேண்டும் என்கிறார்கள். இன்னொருவர், 1981 பேசிக் செட்தான் அசல் விளையாட்டு, அதற்குப் பின் வந்ததெல்லாம் ஆட்டக்காரர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்கிறார். மீதி ஒருவருக்கு எதுவானாலும் சரி. எதை எடுப்பது?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது ஓடும் கதையை 2014 விதிகளிலேயே முடியுங்கள். 2024இலிருந்து பிடித்த சிலவற்றை மட்டும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசிக் செட்டுக்குத் தனியாகச் சில செஷன்கள் ஒதுக்குங்கள், ஆனால் இந்தக் கதைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். காரணம் சொல்லக் கொஞ்சம் நீளும்.

இந்தச் சண்டைகள் பெரும்பாலும் ஒரு தவறான நினைப்பிலிருந்து வருகின்றன: பதிப்பு என்பது போனில் வரும் அப்டேட் மாதிரி, புதியது வந்தால் பழையதன் குறைகள் சரிசெய்யப்பட்டிருக்கும் என்று. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அப்படி நடக்கவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட மூன்று சின்னப் புத்தகங்களிலிருந்து 1977 வாக்கில் இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று, புதியவர்களுக்கான பேசிக். இன்னொன்று, விதிமேல் விதி அடுக்கிய அட்வான்ஸ்டு. உங்கள் நண்பர் சொல்லும் 1981 பேசிக், டாம் மோல்ட்வே தொகுத்தது. அதே ஆண்டு வந்த எக்ஸ்பர்ட் பெட்டியோடு சேர்த்து பி/எக்ஸ் என்பார்கள். அட்வான்ஸ்டின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தது. 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், அதுவரை விளையாட்டை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆரை வாங்கி, 2000இல் மூன்றாம் பதிப்பைக் கிட்டத்தட்ட அடித்தளத்திலிருந்தே புதிதாகக் கட்டியது. 2003இல் 3.5, 2008இல் நான்காம் பதிப்பு, 2014இல் ஐந்தாம் பதிப்பு, 2024இல் அதன் திருத்தம். ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே குறைந்தது நாலு வெவ்வேறு விளையாட்டுகள் இருக்கின்றன. கடைசி இரண்டுக்கும் நடுவேதான் இடைவெளி மிகச் சிறியது. உங்கள் மேசையில் அதற்குத்தான் சத்தம் அதிகம் என்பது வேறு விஷயம்.

ஒரு பதிப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள நான் இரண்டே இரண்டு இடங்களைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். அனுபவப் புள்ளி, அதாவது எக்ஸ்பி, எதற்குக் கிடைக்கிறது? ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, பூஜ்யத்துக்கு வந்தால் என்ன ஆகிறது? மற்றதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து கிளைத்ததுதான்.

ஒரு ஓகரை, அதாவது ஒரு முரட்டு அரக்கனை, எடுத்துக்கொள்வோம். முதல் லெவலில் நாலு பேர் மலைப்பாதையில் போகிறார்கள், எதிரே ஒரு ஓகர். தோளில் ஒரு மூட்டை.

1981 விதியில் அந்த ஓகருக்கு ஹிட் டைஸ் 4+1, அதாவது நாலு எட்டுமுகப் பகடையோடு ஒன்று கூட்டிக்கொள்ளவேண்டும். சராசரியாகப் பத்தொன்பது ஹிட் பாயின்ட். தடியால் ஒரு அடி போட்டால் ஒரு டி10 (பத்துமுகப் பகடை) சேதம், சராசரி ஐந்தரை. உங்கள் ஃபைட்டருக்கு ஒரு டி8 ஹிட் பாயின்ட்தான், சராசரி நாலரை. ஒரு அடி விழுந்தால் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பில் ஆள் காலி. பூஜ்யம் என்றால் மரணம், மறுபேச்சில்லை. மந்திரவாதியின் நிலை இன்னும் மோசம். டி4 ஹிட் பாயின்ட், நாளுக்கு ஒரே ஒரு மந்திரம், கையில் ஒரு கத்தி.

இதைப் படித்துவிட்டு "இதையெல்லாம் யார் ஆடுவார்கள்" என்று கேட்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. அந்த ஓகரைக் கொன்றால் கிடைப்பது 125 எக்ஸ்பி. நாலு பேர் பங்கிட்டால் தலைக்கு முப்பத்தொன்று. ஆனால் தங்கள் இருப்பிடத்தை விட்டு வெளியே சந்திக்கும் ஓகர்கள் 100 முதல் 600 வரை தங்கக் காசு சுமந்திருப்பார்கள் என்று அதே பக்கம் சொல்கிறது. காசைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்தால், ஒரு தங்கக் காசுக்கு ஒரு எக்ஸ்பி. சராசரி 350. கொல்வதைவிடத் திருடுவதற்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கூலி. அதோடு, சந்தித்தவுடனே ஓகர் பாய்ந்துவிடும் என்ற கட்டாயமும் இல்லை. டிஎம் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டி அதன் மனநிலையைப் பார்க்கவேண்டும். உடனடித் தாக்குதல் இரண்டு விழுந்தால்தான், அதாவது முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு. 6 முதல் 8 வரை விழுந்தால் அதற்கே என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். அது பாதிக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு. அந்த இடைவெளியில்தான் விளையாட்டே இருக்கிறது. ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார், ஒருவர் பின்பக்கமாகச் சுற்றுகிறார், ஒருவர் இறைச்சித் துண்டை எறிகிறார்.

இப்போது 2014. அதே ஓகருக்கு 59 ஹிட் பாயின்ட், ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படப் பகடையில் எட்டவேண்டிய எண், வெறும் 11. அடித்தால் 2டி8+4, சராசரி 13. உங்கள் ஃபைட்டருக்குப் பன்னிரண்டு ஹிட் பாயின்ட் போல இருக்கும். கவனியுங்கள், இங்கேயும் ஒரு அடியில் ஆள் விழுகிறார். ஆனால் விழுகிறார், சாவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டி20, பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஒரு வெற்றி, மூன்று வெற்றிக்குள் மூன்று தோல்வி சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் அதற்கு முன்பே கிளெரிக் (குழுவின் பூசாரி) அறுபது அடி தூரத்திலிருந்து ஹீலிங் வேர்ட் சொல்லி எழுப்பிவிடுவார். மந்திரவாதி சுற்றுக்குச் சுற்று கேன்ட்ரிப் எனும் சின்ன மந்திரத்தால் நெருப்பு வீசிக்கொண்டே இருக்கலாம், எண்ணிக்கை இல்லை. கொன்றால் 450 எக்ஸ்பி. மூட்டையைத் திருடினால் எவ்வளவு? டிஎம் மனசு வைத்தால் உண்டு. ஓகரின் ஆர்மர் கிளாஸ் 11 என்பதே ஒரு அழைப்பு. அடி, உன் அடி படும், கொஞ்சம் நேரம் எடுக்கும், நாலைந்து சுற்றில் சுவாரஸ்யமான ஒரு சண்டை கிடைக்கும் என்கிறது.

ஆக, ஒரு விதி மோதலைத் தவிர்ப்பவருக்குக் கூலி தருகிறது, இன்னொன்று மோதலை நன்றாக நடத்துபவருக்கு. உங்கள் பேசிக் நண்பர் சொல்லும் "செல்லம்" இதுதான். அவர் கவனித்தது சரி, தீர்ப்புத்தான் தப்பு. ஐந்தாம் பதிப்பில் ஒரு கேரக்டருக்குப் பின்கதை எழுதி, குடும்பம் எழுதி, மூன்று வருடம் அவரோடே வாழ்வார்கள். அந்த விளையாட்டில் முதல் ஓகரே ஆளைக் கொன்றுவிட்டால் எழுதியதெல்லாம் வீண். பேசிக்கில் கேரக்டர் உருவாக்கப் பத்து நிமிடம் போதும் என்பதால் அந்தச் சாவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

இங்கேதான் பழைய விதிகளுக்குத் திரும்புபவர்கள் வழக்கமாக இடறுகிறார்கள். மரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை "சலிப்பூட்டும் கணக்கு" என்று தூக்கிவிடுகிறார்கள். காசுக்கு எக்ஸ்பி இல்லை, மனநிலைப் பகடை இல்லை, தீப்பந்தக் கணக்கு இல்லை. அந்தத் தீப்பந்தம் ஆறு டர்ன், அதாவது ஒரு மணி நேரம்தான் எரியும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை, ஆறில் ஒரு வாய்ப்பில், காசில்லாத ஏதோ ஒரு மிருகம் இருட்டிலிருந்து வந்து சேரும். நேரம் ஓடுகிறது என்ற பயம் அதிலிருந்துதான் வருகிறது. இந்தக் கண்ணிகளைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் கொலைக்களம். இரண்டு செஷனில் எல்லோரும் வெறுத்துப்போய், "பழைய பதிப்பு மோசம்" என்று முடிவு கட்டுவார்கள்.

புதியதற்கும் இதே நோய் உண்டு. 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, ஒரு சாகச நாளில் நடுத்தரமோ கடினமோ ஆன ஆறு முதல் எட்டு மோதல்களை ஒரு குழு தாங்கும் என்று கணக்குப் போட்டு எழுதப்பட்டது. நான் அறிந்த பெரும்பாலான மேசைகளில் ஒரு நாளுக்கு ஒரு மோதல்தான். அப்போது விசர்ட் கையிலிருக்கும் எல்லா மந்திரத்தையும் ஒரே சண்டையில் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார், ஃபைட்டர் சும்மா நிற்பதுபோலத் தோன்றும். பிறகு "ஃபைட்டர் பலவீனம், 2024இல் சரிசெய்திருக்கிறார்கள், மாறுவோம்" என்று பேச்சு வரும். உங்கள் மேசையில் அந்த இரண்டு பேரும் இதைச் சொல்லித்தான் மாறக் கேட்கிறார்களா? அப்படியானால் புத்தகம் மாற்றுவதற்கு முன் ஒரு நாளுக்குள் இன்னும் இரண்டு மோதல் வைத்துப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

பழைய பதிப்பு என்றாலே கணக்குத் தலைவலி என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் பயப்படும் தாக்கோ, அதாவது ஆர்மர் கிளாஸ் 0 உள்ளவரை அடிக்கப் பகடையில் வேண்டிய எண், ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். அங்கே ஆர்மர் கிளாஸ் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். தாக்கோ 17 உள்ளவர் ஆர்மர் கிளாஸ் 3 உள்ளவரை அடிக்க 17இல் 3 போக 14 வேண்டும். அதையே புதிய முறையில் எழுதினால் தாக்கும் போனஸ் +3, ஆர்மர் கிளாஸ் 17, பகடையில் வேண்டியது அதே 14. கழித்தலைவிடக் கூட்டல் எளிது என்பதால் 2000இல் திருப்பிப் போட்டார்கள், நல்ல காரியம். ஆனால் இதை வைத்து ஒரு பதிப்பைத் தள்ளுவது வேடிக்கை. உண்மையான கணக்குச் சுமை 3.5இல்தான். அங்கே எதிரிகளும் ஆட்டக்காரர்களைப் போலவே திறன் புள்ளி, ஃபீட் எனும் சிறப்புத் திறமை எல்லாம் வைத்துக் கட்டப்பட்டவர்கள். பன்னிரண்டாம் லெவல் வில்லன் ஒருவனைத் தயாரிக்க டிஎம்முக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும், அவன் மூன்றாம் சுற்றில் செத்துப்போவான். பரவலாகத் திட்டு வாங்கிய நான்காம் பதிப்பு இந்த விஷயத்தில் டிஎம்முக்குக் கிடைத்த வரம். ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு பாத்திரம் ஒதுக்கி, ஒரே ஒரு ஹிட் பாயின்ட் உள்ள மினியன்களைக் கூட்டமாக இறக்கி, கால் மணி நேரத்தில் ஒரு நல்ல சண்டையை வடிவமைத்துவிடலாம். கட்டம் போட்ட வரைபடம் இல்லாமல் ஆடவே முடியாது என்பதுதான் அதன் விலை.

சரி, 2014க்கும் 2024க்கும் வருவோம். இங்கே ஓகர் சோதனை பெரிதாக வேறுபடாது. எக்ஸ்பி அதேதான், மரணமும் அதே மூன்று பகடைதான். பழைய சாகசப் புத்தகங்களும் ஓடும். மாறியது கேரக்டர் பக்கம்.

ஃபைட்டர், பார்பேரியன் போன்றவர்களுக்கு வெப்பன் மாஸ்டரி வந்திருக்கிறது. கோடரி, வாள், சுத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்குணம். கிரேஸ் உள்ள ஆயுதம் குறி தவறினாலும் கொஞ்சம் சேதம் செய்யும், புஷ் எதிரியைத் தள்ளும். கேட்க நன்றாக இருக்கும், ஆடவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டாப்பிள் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் எதிரி ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் பகடை) உருட்டவேண்டும், தோற்றால் கீழே விழுவான். இரண்டு முறை அடிக்கும் ஃபைட்டர் கையில் அது இருந்தால், சுற்றுக்கு இரண்டு கூடுதல் பகடை உங்கள் தலையில். சண்டை ஏற்கெனவே மெதுவாக ஓடும் மேசையில் இது உறுத்தும்.

குணப்படுத்தும் மந்திரங்கள் கனத்திருக்கின்றன. க்யூர் வூன்ட்ஸ் ஒரு டி8இலிருந்து இரண்டு டி8 ஆகிவிட்டது. மருந்துக் குப்பியை போனஸ் ஆக்ஷனில், அதாவது முறையில் கிடைக்கும் சின்ன கூடுதல் செயலில், குடிக்கலாம். களைப்பு விதி, அந்த ஆறு வரி அட்டவணையை விட்டுவிட்டு, ஒரு நிலைக்கு டி20 உருட்டலில் இரண்டு கழித்துக்கொள் என்று எளிமையாகிவிட்டது. எதிர்பாராத் தாக்குதலில் மாட்டியவர் ஒரு சுற்று முழுக்கச் சும்மா நிற்பதற்குப் பதில் இனிஷியேட்டிவை (யார் முன்னால் என்று முடிவுசெய்யும் பகடையை) டிஸ்அட்வான்டேஜில், அதாவது இரண்டு பகடையில் குறைந்ததை எடுத்து, உருட்டுகிறார். இவை எல்லாமே நல்ல மாற்றங்கள், அதோடு 2014 மேசையில் அப்படியே ஒட்டவைத்துக்கொள்ளக்கூடியவை.

ஒட்டாத மாற்றங்களும் உண்டு. உங்கள் குழுவில் பாலடின் (புனித வீரர்) இருக்கிறாரா? 2014இல் அவர் ஒவ்வொரு அடியிலும் டிவைன் ஸ்மைட் எனும் கூடுதல் சேதத்தைக் கொட்டலாம். 2024இல் அது ஒரு மந்திரம், போனஸ் ஆக்ஷன் வேண்டும், அதனால் தன் முறைக்கு ஒருமுறைதான். கதை நடுவில் இதை அவர் கையிலிருந்து பிடுங்கினால் முகம் சுருங்கும். சமநிலைக்கு இது தேவைதான் என்று எனக்கே தோன்றினாலும், ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அப்புறம், 2024 கேரக்டர்கள் மொத்தத்தில் ஒரு படி வலுவானவர்கள். அவர்களை 2014 மான்ஸ்டர் மேனுவல் எதிரிகளோடு மோதவிட்டால் சண்டைகள் உப்புச்சப்பில்லாமல் போகும். அதற்கு ஈடான புதிய மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில் வந்தது. மாறுவதென்றால் ஆட்டக்காரர் புத்தகத்தோடு அதையும் சேர்த்தே மாறுங்கள், பாதியில் நிற்காதீர்கள்.

மேசையில் ஒருவர் 2014, ஒருவர் 2024 என்று கலந்து ஆடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். விதிப்படி முடியும். நடைமுறையில், ஒரே பெயருள்ள மந்திரம் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வேலை செய்யும்போது, தீர்ப்புச் சொல்வது டிஎம்மின் முழுநேர வேலையாகிவிடும். எதிராளியின் மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல் ஒன்று போதும், ஒரு மாலையைக் கெடுக்க.

பழையதில் இருந்தால் ஆதரவு நின்றுவிடுமே என்ற பயம் அந்த இரண்டு பேருக்கு இருக்கலாம். பயம் நியாயமானதுதான், ஆனால் எதைப் பற்றிப் பயப்படவேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். விதிகள் காணாமல் போகாது. 2023 ஜனவரியில் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் ஓப்பன் கேம் லைசென்ஸை மாற்றப் பார்த்து நிறுவனம் கடும் எதிர்ப்பை வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு, அதே மாதம் 2014 பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிட்டது. அதை இனித் திரும்பப் பெற முடியாது. 2024 விதிகளுக்கும் 2025இல் அப்படியொரு இலவசத் தொகுப்பு வந்துவிட்டது. காணாமல் போகக்கூடியது டிஜிட்டல் வசதிதான். 2024 ஆகஸ்டில், நிறுவனத்தின் டி அண்ட் டி பியாண்ட் இணையதளத்தில் இருக்கும் பழைய கேரக்டர் ஷீட்களில் மந்திரங்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். கூச்சல் எழுந்ததும் சில நாளில் பின்வாங்கினார்கள். பின்வாங்கியது நல்லது, ஆனால் ஷீட் யார் கையில் இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. நீங்கள் 2014இலேயே நீடிப்பதாக இருந்தால் கேரக்டர்களைத் தாளிலோ உங்கள் கணினியிலோ ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிக் விதிகளும் அப்படித்தான், எளிதாகக் கிடைக்கின்றன. மூலப் புத்தகங்களைவிட, கேவின் நார்மனின் ஓல்ட்-ஸ்கூல் எஸென்ஷியல்ஸை நான் சிபாரிசு செய்வேன். 1981 விதிகள்தான், ஆனால் தேடவேண்டியது விரித்த இரண்டு பக்கத்துக்குள் கிடைக்கும்படி அடுக்கியிருக்கிறார். அடிப்படைப் பகுதி இலவசமாகவே கிடைக்கிறது.

மற்ற விளையாட்டுகளிலும் இந்தத் தகராறு இதே சூட்டோடு நடக்கிறதா என்றால், எல்லாவற்றிலும் இல்லை. கால் ஆஃப் கதுல்ஹு 1981இல் வந்தது, ஏழாம் பதிப்பு 2014இல். பழைய கேரக்டரின் பலம் 13 என்றால் ஐந்தால் பெருக்கி 65 என்று எழுதிக்கொள், ஏறக்குறைய வேலை முடிந்தது. பழைய சாகசங்கள் அப்படியே ஓடும், தகராறுக்கு இடமே இல்லை. வார்ஹாமர் ஃபேன்டசி ரோல்பிளே எதிர்மாறு. 2009இல் மூன்றாம் பதிப்பு தனிச் சின்னங்கள் போட்ட பகடைகளோடும் அட்டைகளோடும் வந்து பழைய நூற்றுப் பகடை (ஒன்று முதல் நூறு வரை உருட்டுவது) ஆட்களை அந்நியப்படுத்தியது, 2018இல் நான்காம் பதிப்பு திரும்பவும் நூற்றுப் பகடைக்கே வந்துவிட்டது.

உங்கள் மேசைக்கு வருகிறேன். முடிவு உங்களுடையது, வாக்கெடுப்பு வேண்டாம். ஆட்டக்காரர் ஒரு கேரக்டரைக் கற்றுக்கொண்டால் போதும், நீங்கள் எல்லாவற்றையும் கற்கவேண்டும், தயாரிப்பு நேரமும் உங்களுடையது. அந்த இரண்டு பேரிடம், 2024இல் உங்களுக்கு வேண்டியது எது என்று பக்க எண்ணோடு கேளுங்கள். பெரும்பாலும் வெப்பன் மாஸ்டரியும் ஏதோ ஒரு சப்கிளாஸுமாகத்தான் இருக்கும். டாப்பிளைத் தவிர்த்து மாஸ்டரியைக் கொடுத்துவிடுங்கள், மருந்துக் குப்பியையும் களைப்பு விதியையும் எல்லோருக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாலடினைத் தொடாதீர்கள். இந்தக் கதை முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஆட்டக்காரர் புத்தகம், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல் என்ற மூன்று புத்தகத்தோடும் முழுசாக 2024க்குப் போகலாம்.

பேசிக் நண்பரை நடத்தச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும், அவருக்கும் மறுபக்கம் தெரியும். ஒரே நிபந்தனை போடுங்கள்: காசுக்கு எக்ஸ்பி, மனநிலைப் பகடை, தீப்பந்தக் கணக்கு மூன்றையும் அவர் விடாமல் நடத்தவேண்டும். ஆட்டக்காரர்கள் ஆளுக்கு இரண்டு கேரக்டர் எழுதிக்கொண்டு வரட்டும், இரண்டாவது தேவைப்படும். நாலு செஷன் போதும். அதற்குள் யாராவது ஒருவர் ஓகரின் மூட்டையைத் திருடிக்கொண்டு ஓடிவந்திருந்தால், மற்றவர்கள் தாமாகவே ஐந்தாவது செஷன் எப்போது என்று கேட்பார்கள். நாலு செஷனும் ஓகரை அடிக்கவே ஓடியிருந்தால் உங்கள் ஆட்களுக்கு ஐந்தாம் பதிப்புத்தான் சரி, அவரே அதை ஒப்புக்கொள்வார்.